பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறைந்த பள்ளிக்கு மேலிருந்து 'சிறப்புக் கவனம்': பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?

#1 மலையடிவாரம்

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது போளூர் பக்கம் ஒரு கிராமம். ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு உறுப்பினர். மகள் ஒன்பதாவது படிக்கிறாள்.

போன பத்தாம் வகுப்புத் தேர்வில் எங்கள் பள்ளித் தேர்ச்சி மாவட்டச் சராசரிக்குக் கீழே இறங்கிவிட்டது. அன்று பிடித்தது தொல்லை. தலைமை ஆசிரியரை மாவட்டத்துக்கு வரவழைத்து எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்க வைத்துக் கேட்டார்களாம். அப்புறம் ஆள் மாற்றி ஆள் ஆய்வுக்கு வருகிறார்கள். வருகிறவர்கள் நோட்டைப் பார்க்கிறார்கள், பதிவேட்டைப் பார்க்கிறார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பத்தாவது பிள்ளைகளுக்குக் காலை எட்டு மணிக்கே வகுப்பு; சாயங்காலம் ஆறு வரை இன்னொரு வகுப்பு. தினம் ஒரு ஸ்லிப் டெஸ்ட். மலைப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கு மேல் பஸ் கிடையாது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இவ்வளவு நடந்தும் கணக்கு ஆசிரியர் இடம் காலியாகவே கிடக்கிறது. அறிவியல் டீச்சர்தான் கணக்கும் எடுக்கிறார்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. ஒன்பதாவதில் படிப்பு ஏறாத பிள்ளைகளின் வீட்டுக்கு மெல்லச் சொல்லி அனுப்புகிறார்கள்: "டி.சி. வாங்கி ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிடுங்களேன், இல்லாவிட்டால் பிரைவேட்டாக எழுதட்டும்." அப்படிச் சொல்லப்பட்ட ஒரு பையனின் அப்பா, அம்மா இருவரும் செங்கல் சூளைக்குப் போயிருக்கிறார்கள். பாட்டியிடம்தான் விஷயம் போயிருக்கிறது. அவருக்கு டி.சி. என்றால் என்னவென்றே சரியாகத் தெரியவில்லை, என்னிடம் வந்து கேட்டார்.

பள்ளி சரியில்லை, அரசு கவனிக்க வேண்டும் என்று மனு கொடுத்ததில் நாங்களும் உண்டு. கவனித்தால் இப்படித்தான் இருக்குமா? இதனால் பள்ளி உண்மையில் தேறுமா? உள்ளே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

#2 பைபாஸ்ரோடு

எதுக்குங்க இவ்வளவு யோசனை? கடனை உடனை வாங்கியாவது பிரைவேட்டில் சேர்த்துவிடுங்கள். அரசுப் பள்ளியை ஆண்டவனே வந்தாலும் திருத்த முடியாது.

#3 மலையடிவாரம்

அந்தப் பாட்டி யாரிடம் கடன் வாங்குவார்? நான் கேட்டது வேறு. தயவுசெய்து அதற்கு வாருங்கள்.

#4 சாக்பீஸ்தூள்

அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் நான். நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூட எனக்குப் புதிதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

மீட்டிங்கில் கேட்பது ஒரே கேள்விதான்: "உங்கள் பள்ளியில் எத்தனை பேர் போவார்கள்?" போவது என்றால் பெயிலாவது. பெயர்ப் பட்டியல் கேட்பார்கள். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு ஆசிரியருக்குத் தத்துக் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளை தேறாவிட்டால் தத்தெடுத்தவர் விளக்கம் எழுத வேண்டும். ஜூலையில் ஆரம்பித்தால் மார்ச் வரை இதே பேச்சு.

இனி கணக்குத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு மார்க்கில் 14 ஒரு மார்க் கேள்விகள். ஜியாமெட்ரிக்கு 8, கிராஃபுக்கு 8. பாஸாக 35. வடிவொத்த முக்கோணம் வரைவதைக் கை தானாகப் போகும் வரை போட வைப்பேன். கிராஃபும் அப்படியே. 16 வந்துவிட்டது. பாடத்தின் கடைசியில் இருக்கும் ஒரு மார்க் விடைகளை எழுதி எழுதி மனப்பாடம் செய்தால் ஏழெட்டாவது தேறும். கார்டீசியன் பெருக்கல், அணிகளைக் கூட்டுவது என்று இரண்டு மூன்று சுலபமான கணக்கைச் சேர்த்தால் கரையேறிவிடலாம்.

இப்படிக் கரையேறிய பையனிடம் 432-ஐ 6-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். பேந்தப் பேந்த விழிப்பான். அடுத்த வருடம் பாலிடெக்னிக் முதல் செமஸ்டரில் கணக்கு அரியர் விழுவது இவனுக்குத்தான்.

இப்படிப் பாஸாக்குவதை நான் தப்பென்று நினைக்கவில்லை. பத்தாவது பாஸ் என்ற காகிதம் இல்லாமல் அவனால் ஒரு இடத்திலும் விண்ணப்பம்கூட வாங்க முடியாது. அந்தக் காகிதத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, பள்ளி முன்னேறிவிட்டது என்று மேலே எழுதி அனுப்புகிறோம் பாருங்கள், அங்கேதான் கோளாறு.

ஒன்பதாவது விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது. பத்தாவதுக்குப் போய்விட்டால் பொதுத்தேர்வு. ஆக, கை வைக்க முடிகிற ஒரே வகுப்பு ஒன்பது. பத்தாவதில் 40 பேர் எழுதி 4 பேர் பெயிலானால் 90 சதவீதம். அந்த 4 பேரை முந்தின வருடமே அனுப்பிவிட்டு 36 பேரும் பாஸானால் 100 சதவீதம். தாளில் இரண்டாவது பள்ளிக்குத்தான் கேடயம். ஒன்பதில் எத்தனை பேர் படித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பத்தாவது எழுதினார்கள் என்று கேட்கிற ஒரு அதிகாரி வந்தால் என் சொந்தக் காசில் மாலை வாங்கிப் போடுவேன். எமிஸ் என்ற கல்வித் துறைத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் இருக்கிறது. கேட்டால் ஒரே நொடியில் தெரிந்துவிடும். கேட்பதில்லை.

#5 வைகைக்கரை

சாக்பீஸ்தூள் தம்பி சொல்வதெல்லாம் நடப்பதுதான், மறுக்கவில்லை. நான் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். யாருமே ஆய்வுக்கு வராத காலத்தையும் பார்த்திருக்கிறேன். அது ஒன்றும் பொற்காலம் இல்லை.

பத்தாவதில் பாதிப் பேர் பெயிலாவார்கள். "இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும்" என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிவிட்டு நாலரை மணி பஸ்ஸைப் பிடிப்போம். இந்த ஊர்ப் பிள்ளைகள் என்றால் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அந்தப் பேச்சை அடக்கியது நீங்கள் திட்டுகிற இதே சதவீதம்தான். எந்தத் தெருவாக இருந்தாலும் அவனும் கணக்கில் வருகிறான் என்று ஆனபோதுதான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

2024 பத்தாம் வகுப்பு முடிவுகளில் அரியலூர் முதலிடம், 97.31 சதவீதம். வேலூர் கடைசி, 82.07. அரியலூர் என்ன பணக்கார மாவட்டமா? சிமெண்ட் ஆலையும் மானாவாரிக் கொல்லையும்தான். வேலூரிலோ ஊரறிந்த மருத்துவக் கல்லூரி, பல்கலைக்கழகம் எல்லாம் இருக்கின்றன. வறுமை, படிக்காத பெற்றோர் என்று நாம் எப்போதும் சொல்கிற காரணம் அரியலூரில் ஏன் செல்லுபடியாகவில்லை? யாரோ விடாமல் கவனித்தார்கள். அடுத்த ஆண்டு மாநிலத் தேர்ச்சி 93.80, அரசுப் பள்ளிகள் 91.26. இந்த இடைவெளி இவ்வளவு குறைந்ததற்குச் சிறப்பு வகுப்பும் ஒரு காரணம்தான்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனை அனுப்பச் சொன்னது மட்டும் அயோக்கியத்தனம். அதை விடாதீர்கள்.

#6 சாக்பீஸ்தூள்

ஐயா, அரியலூரையும் வேலூரையும் சொன்னீர்கள். ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வு முடிந்ததும் எந்த மாவட்டத்தில் எத்தனை இடம் காலி என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வட மாவட்டங்களில் வேலைக்குச் சேர்கிறவர்களில் நிறையப் பேருக்குச் சொந்த ஊர் தெற்கே. ஒரு மாறுதல் கலந்தாய்வு வந்தால் போதும், மூட்டை கட்டிவிடுவார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. அந்த நாற்காலிக்கு அடுத்த ஆள் வர எத்தனை மாதம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

2022 ஜூலையில் மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. பிறகு ஏற்றிக் கொடுத்தார்கள். அப்படியே இருந்தாலும் பி.எட். முடித்த ஒரு கணக்குப் பட்டதாரி அந்தச் சம்பளத்துக்கு மலையடிவாரத்துக்கு வருவாரா, பெங்களூரு பஸ் ஏறுவாரா?

ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கணக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியில் கணக்கில் ஏன் பெயில் என்று அறிவியல் டீச்சரிடம் கேட்கிறார்கள். 17 பி, அதாவது ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ், கொடுப்போம் என்று அவரைத்தான் மிரட்டுகிறார்கள். இது ஆய்வா?

#7 மொட்டு டீச்சர்

எல்லோரும் பத்தாவதையே பேசுகிறீர்கள். 432-ஐ வகுக்கத் தெரியாத அந்தப் பையன் பத்தாவதில் வந்து திடீரென்று அப்படி ஆகவில்லை சார். எங்களைப் போன்றவர்கள் கையைத் தாண்டி வந்தவன்தான்.

நான் ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஒன்று முதல் ஐந்து வரை இரண்டே பேர். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. எண்ணிக்கைப்படி சரி. ஆனால் வகுப்பு ஐந்தாயிற்றே? தலைமை ஆசிரியர் மீட்டிங் போகும் நாளில் நான் ஒருத்திதான்.

கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. முதலில் மூன்றாவது வரை, மறு வருடம் நான்கு, ஐந்துக்கும். பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் எங்கே நிற்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்து உட்கார வைப்போம். மூன்றாவது படிக்கிற பிள்ளைக்கு எழுத்தே தெரியாவிட்டால் அரும்பில் உட்காரும். பக்கத்தில் ஒன்றாவது பிள்ளை இருக்கும். முதல் வாரம் கொஞ்சம் கூச்சப்படும், அவ்வளவுதான். பழைய செயல்வழிக் கற்றலிலும் ஏணிப்படி, அட்டை என்று இதே யோசனை இருந்தது. அட்டைகள் கிழிந்துபோனதும் எங்கள் பள்ளியில் அது தானாக ஓய்ந்துவிட்டது. அதனால் புதிதாக எது வந்தாலும் நாங்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்போம். ஆனால் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து ஆரம்பி என்று சொல்கிற எதுவும் எனக்குச் சரிதான்.

வம்பு ஆரம்பிப்பது போனில். ஒவ்வொரு பிள்ளைக்கும் செயலியில் மதிப்பீடு போட வேண்டும். நெட் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒன்றை உட்கார வைத்துக் கேட்டு விடையைத் தட்டுவதற்குள் மற்றதெல்லாம் மரத்தடிக்கு ஓடிவிடும். ஒருநாள் மூன்றாவது படிக்கிற ஒருத்தி, பழம் என்று எழுதியிருந்ததைப் படத்தைப் பார்த்துவிட்டு "மாம்பழம்" என்று வாசித்தாள். செயலியில் சரி, தவறு என்று இரண்டே பொத்தான். எனக்கு அந்தத் தவறுதான் முக்கியம். எழுத்தைச் சேர்க்கத் தெரியவில்லை, ஆனால் படத்துக்கும் சொல்லுக்கும் தொடர்பு உண்டென்று பிடித்துவிட்டாள். நாளைக்கு இவளுக்கு எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அதில் தெரிந்துவிட்டது. தவறு என்று தட்டிவிட்டு என் டைரியில் இதை எழுதி வைத்தேன். ஆய்வுக்கு வந்தவர்கள் செயலியைப் பார்த்தார்கள், டைரியைப் பார்க்கவில்லை.

காலை உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் ஆரம்பித்தது, அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எட்டரைக்கே பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். பிரேயரில் மயங்கி விழுவதும், முதல் பீரியடில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பதும் நின்றுவிட்டது. கல்வித் திட்டம் என்று இதற்குப் பெயர் இல்லை. ஆனால் முதல் பீரியடைத் திருப்பிக் கொடுத்தது இதுதான்.

#8 எண்கணக்கன்

மொட்டு டீச்சர் சொன்ன செயலியும் டைரியும் வேறு மாநிலத்தில் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்ட கதை. மத்தியப் பிரதேசத்தில் ஒரு திட்டம்: பள்ளிகளை முறையாக ஆய்வு செய்து தரம் போடுவது, குறை எங்கே என்று கண்டு ஒவ்வொரு பள்ளிக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது, அதைத் தொடர்ந்து கண்காணிப்பது. கேட்டால் யாருக்கும் பிடிக்கும். பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் இதைக் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். சில பள்ளிகளுக்குத் திட்டம் உண்டு, அதே மாதிரியான மற்ற பள்ளிகளுக்கு இல்லை. பிறகு இரண்டையும் ஒப்பிட்டார்கள்.

ஆய்வுகள் ஒழுங்காக நடந்தன. மேம்பாட்டுத் திட்டங்களும் பள்ளிக்குப் பள்ளி எழுதப்பட்டன. ஆசிரியர் வருகையில் மாற்றம் இல்லை. பாடம் நடத்தும் விதத்தில் மாற்றம் இல்லை. பிள்ளைகளின் கற்றலிலும் இல்லை. ஆனால் அதே மாதிரித் திட்டம் அதற்குள் நாடு முழுக்க ஆறு லட்சம் பள்ளிகளுக்கு மேல் போய்விட்டது. மேலே உட்கார்ந்து பார்க்கிறவருக்கு எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது, அப்புறம் ஏன் நிறுத்த வேண்டும்?

இதே இருவரும் மௌரிசியோ ரொமெரோவும் சேர்ந்து தமிழ்நாட்டில் செய்த ஆய்வு இதற்கு நேர் எதிர். கொரோனா மூடலுக்குப் பிறகு 2021 டிசம்பரில் கிராமத்துப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2019-ல் அதே ஊர்களில் அதே வயதுப் பிள்ளைகள் இருந்த நிலையைவிட ரொம்பவே பின்தங்கியிருந்தார்கள், கணக்கில் அதிகம். பள்ளி திறந்து ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அப்படி வந்ததில் ஏறத்தாழ கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி'யால் என்று கணக்கிட்டார்கள். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு அந்த ஊர்ப் பெண்களே சாயங்காலம் திண்ணையிலோ கோயில் வாசலிலோ உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது. மீதி முக்கால் பங்கு பள்ளி திறந்ததாலேயே. வகுப்பில் ஆசிரியர் இருந்தார், பிள்ளைகள் வந்தார்கள், நேரம் கிடைத்தது. அவ்வளவுதான்.

ஆனாலும் ரொம்பக் கொண்டாட வேண்டாம். கிராமத்துப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய் வாசிக்க வைத்துப் பார்க்கும் அசர் கணக்கெடுப்பின் 2022 அறிக்கையில் தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம். கொரோனாவுக்கு முன்பு, 2018-லேயே அது 10.2 தான். பத்தாவதில் 90-க்கு மேல் தேர்ச்சி, மூன்றாவதில் இந்த நிலை. நடுவில் ஏழு வருடம் என்ன நடக்கிறது என்பதுதான் சாக்பீஸ்தூள் எழுதிய ஜியாமெட்ரி, கிராஃப் கதை.

#9 ஹூஸ்டன்வாசி

நான் டெக்ஸாஸில், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊர்ப் பக்கம் இருக்கிறேன். இந்த ஊரிலும் இரண்டு மூன்று வருடமாக இதே சண்டைதான், அதனால் எழுதுகிறேன். நம்மவர்கள் பெரும்பாலும் கேட்டி, சுகர்லேண்ட் பக்கம். அவை தனிப் பள்ளி மாவட்டங்கள், அதாவது பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாகங்கள். சண்டை நடப்பது ஹூஸ்டன் நகர மாவட்டத்தில். மாநிலத்திலேயே பெரியது அதுதான்.

2015-ல் டெக்ஸாஸ் ஒரு சட்டம் போட்டது. ஒரு பள்ளி தொடர்ந்து ஐந்து வருடம் தேறாவிட்டால் அதை மூட வேண்டும், இல்லையென்றால் அந்த மாவட்ட நிர்வாகத்தையே மாநிலம் எடுத்துக்கொள்ளும். ஹூஸ்டனில் வீட்லி என்ற உயர்நிலைப் பள்ளியை முன்வைத்துப் பேச்சு எழுந்தது. கோர்ட்டில் சில வருடம் இழுத்தது. 2023 ஜூனில் மாநிலம் எடுத்துக்கொண்டது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த 9 பேர் குழுவை ஓரங்கட்டிவிட்டு மாநிலமே ஒரு குழுவையும், மைக் மைல்ஸ் என்ற முன்னாள் ராணுவ அதிகாரியைத் தலைமை நிர்வாகியாகவும் போட்டது. அவர் ஏற்கனவே டாலஸில் அதே பதவியில் இருந்தவர்.

அவர் செய்ததைக் கேளுங்கள். பாடக் குறிப்பு மேலிருந்து தயாராகி வரும். பாடத்தின் முடிவில் சின்னத் தேர்வு. தேறியவர் ஒரு அறைக்கு, தேறாதவர் அங்கேயே ஆசிரியரிடம் மறுபடியும். பல பள்ளிகளில் நூலகர் வேலை போனது, நூலக அறை இதற்காகத்தான் எடுக்கப்பட்டது. ஆசிரியர்கள் நிறையப் பேர் விலகினார்கள், பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் வேறு பள்ளிகளுக்குப் போனார்கள். பள்ளிக் கட்டடங்களுக்காக 440 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு 2024 நவம்பரில் மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். இவர்களை நம்பிக் காசு தர மாட்டோம் என்று தோற்கடித்துவிட்டார்கள்.

மார்க் ஏறியதா? ஏறியது. இங்கே பள்ளிக்கு ஏ முதல் எஃப் வரை தரம் போடுவார்கள். கடைசி இரண்டு தரத்தில் இருந்த பள்ளிகள் 2023-ல் 121. 2025-ல் 18. எஃப் ஒன்றுகூட இல்லை. மாநிலம் தன் பிடியை 2027 வரை நீட்டித்துக்கொண்டது.

இதை இங்கே எழுதக் காரணம் ஒன்றுதான். மைல்ஸ் முறையில் சேர்ந்த பள்ளிகளில், அதாவது தேறாத பள்ளிகளில், ஆசிரியர் சம்பளம் மற்ற பள்ளிகளைவிட அதிகம். மற்றதெல்லாம் எனக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, கஷ்டமான பள்ளிக்குப் போனால் கூடக் காசு என்பது நியாயம். நம் ஊரில் கஷ்டமான பள்ளிக்குப் போனால் 17 பி என்கிறார் சாக்பீஸ்தூள்.

#10 எண்கணக்கன்

ஹூஸ்டன் எண்கள் சரி. ஆனால் அமெரிக்காவில் எல்லா இடத்திலும் அப்படி ஆகிவிடவில்லை. 2011 முதல் 2016 வரை மாநிலங்கள் கையில் எடுத்த மாவட்டங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில் சராசரியாகப் பிள்ளைகளின் மார்க் ஏறவில்லை. மாசசூசெட்ஸில் லாரன்ஸ் மாதிரி ஒன்றிரண்டு ஊர்களில் நன்றாக வந்தது. டென்னஸியில் கடைசி 5 சதவீதப் பள்ளிகளை ஐந்தே வருடத்தில் முதல் 25 சதவீதத்துக்குள் கொண்டுவருகிறோம் என்று சவால் விட்டுத் தனி நிர்வாகமே அமைத்தார்கள். அப்படிச் சொன்னவரே 2015-ல் விலகிவிட்டார். பள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

#11 பைபாஸ்ரோடு

சரி, அமெரிக்காக்காரனுக்கே இந்தக் கதிதானா. நான் எழுதினதை வாபஸ் எல்லாம் வாங்கவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். பிரைவேட் பள்ளியிலும் ஒன்பதாவதில் டி.சி. கொடுத்து அனுப்புகிறார்களே, அது மட்டும் எப்படி 100 சதவீதம் என்று பேனர் ஆகிறது?

#12 சாக்பீஸ்தூள்

அனுப்பப்பட்டவர்கள் வந்து சேருவது எங்கள் பள்ளியில் என்பதால்.

#13 வைகைக்கரை

எண்கணக்கன் எழுதியதைப் படித்தேன். ஆய்வு என்று நான் சொல்வது கட்டம் நிரப்புகிற ஆய்வை இல்லை. எனக்கு ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இருந்தார். வந்தால் நேராக ஏழாம் வகுப்புக்குப் போய்க் கடைசி பெஞ்சில் இருப்பவனிடம் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுவார். பதிவேடு எல்லாம் டீ வந்த பிறகுதான். அவர் வருகிறார் என்றால் நாங்கள் பதிவேட்டை அடுக்க மாட்டோம், கடைசி பெஞ்சைப் பிடித்து வாசிக்க வைப்போம். அந்த மாதிரி ஆய்வு இருந்தால் வேண்டாம் என்பீர்களா?

'100 நாள் சவால்' என்று ஆசிரியர்களே முன்வந்து, எங்கள் பிள்ளைகள் வாசிப்பார்கள், யார் வேண்டுமானாலும் வந்து பாருங்கள் என்றார்களே, அது நல்ல வழி. ஊரார் முன்னால் பிள்ளை புத்தகத்தைப் பிரித்து வாசித்தால் அதில் ஏமாற்ற என்ன இருக்கிறது? காலி இட விவகாரத்துக்கு எனக்குத் தெரிந்த வழி, வட மாவட்டத்தில் நியமனம் வாங்கியவர் குறைந்தது ஐந்து வருடமாவது அங்கே இருந்தாக வேண்டும் என்று கறாராக வைப்பது.

#14 மொட்டு டீச்சர்

கைக்குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு 400 கிலோமீட்டர் தள்ளி வேலை பார்க்கிறவளிடம் ஐந்து வருடம் என்று சொல்லிப் பாருங்கள் ஐயா. கட்டாயப்படுத்தி உட்கார வைத்த ஆசிரியை மனசு எங்கே இருக்கும்? ஹூஸ்டன்காரர் சொன்ன மாதிரி கூடக் காசு கொடுங்கள். கிராமத்தில் ஒரு நல்ல வாடகை வீடு, இரவில் பயமில்லாமல் இருக்க ஒரு இடம் கொடுங்கள். நிறையப் பேர் தானாகவே இருப்பார்கள். கடைசி பெஞ்சு அலுவலர் விஷயத்தில் நான் உங்கள் கட்சி.

#15 மலையடிவாரம்

எல்லோருக்கும் நன்றி. இந்த வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழு கூட்டம் நடந்தது. இங்கே படித்ததை வைத்துப் பேசினேன்.

ஒன்பதாவதிலிருந்து யாரையும் அனுப்பக் கூடாது என்று கேட்டோம். தலைமை ஆசிரியர் முதலில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றார். பாட்டியைக் கூட்டத்துக்கே கூட்டி வந்திருந்தோம். அவரைப் பார்த்ததும், சரி, பையன் வரட்டும் என்றார். அப்புறம் தனியாக என்னிடம், "நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் அடுத்த வருடம் இவன் பெயிலானால் அங்கே எழுந்து நிற்கப் போவது நான்தான்" என்றார். அவர் மேல் கோபம் வரவில்லை.

பையனை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னேன். என் மகளின் பழைய நான்காம் வகுப்புப் புத்தகம் திக்கித் திக்கி வருகிறது, ஆறாம் வகுப்புப் புத்தகம் வரவில்லை. ஆறாவதிலிருந்து மேலே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே 'திறன்' என்று தனிப் புத்தகம் வந்திருக்கிறதாமே, அறிவியல் டீச்சர் சொன்னார். கணக்கு ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். பஸ் நேரம் பற்றியும் ஒன்று. இதனால் ஏதாவது நடக்குமா?

#16 சாக்பீஸ்தூள்

நடக்க வைக்கலாம். "கணக்கு ஆசிரியர் வேண்டும்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் மாற்றி எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து இடம் காலி, அந்த நாளிலிருந்து யார் கணக்கு எடுக்கிறார், பத்தாவதில் எத்தனை பிள்ளைகள், போன தேர்வில் கணக்கில் மட்டும் எத்தனை பேர் பெயில். இந்த நான்கும் ஒரே தீர்மானத்தில் இருக்கட்டும். அடுத்த முறை ஆய்வுக்கு வருகிறவரிடம் அதைக் காட்டிப் பார்வைப் பதிவேட்டில் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அறிவியல் டீச்சர் இல்லை. கல்வித் துறையின் பெற்றோர் செயலியில் தீர்மானத்தை ஏற்றினார்களா என்று பாருங்கள், ஒரு நகல் உங்கள் கையிலும் இருக்கட்டும்.

ஒன்பதாவதுக்கு இன்னொரு தீர்மானம். ஜூனில் ஒன்பதில் இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள். அடுத்த ஜூனில் பத்தாவதின் எண்ணிக்கையை அதன் பக்கத்தில் எழுதுங்கள். குறைந்தால் ஏன் என்று குழு கேட்கட்டும். மாவட்டம் கேட்காவிட்டாலும் நீங்கள் கேட்கலாம், அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

திறன் புத்தகம் பள்ளிக்கு வந்திருக்கும், இல்லாவிட்டால் வாங்கித் தரச் சொல்லுங்கள். பையனுக்கு உங்கள் மகளின் மூன்றாவது, நான்காவது புத்தகங்கள் போதும். தினமும் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கட்டும். கேட்க யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும், பாட்டிக்குப் படிக்கத் தெரியாது என்றாலும் பரவாயில்லை. வகுத்தல் கணக்கை நான் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை போனில் பார்க்கிறேன். தனிச்செய்தியில் எழுதுங்கள்.